உறைமண்ணும் கண்டற்சேறும்: மண்காபன் மாதிரியுருக்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விஞ்ஞான எழுத்தை விமர்சனத்துக்கு உட்படுத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. கவிதையையும் நாவலையும் துருவித் துருவி நோக்கும் நாம், எண்களும் சமன்பாடுகளும் நிரம்பிய ஆய்வறிக்கை ஒன்று முன்வைக்கப்பட்டதும் கைகட்டி நின்றுவிடுகிறோம். அவ்வறிக்கைக்கும் ஆக்கியோன் உண்டு, நோக்குநிலை உண்டு, எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தெரிவும் உண்டு. பருவநிலை மாற்றம் பற்றிய கணினி மாதிரியுருக்கள் இத்தகைய எழுத்துக்களுள் இன்று மிகுந்த செல்வாக்குடையன. அவற்றின் முடிவுகள் அரசாங்கங்களின் திட்டங்களாகின்றன; திட்டங்கள் நிதியாகின்றன; நிதி எங்கோ ஒரு களப்போரத்தில் நாற்றாக நடப்படுகிறது. அந்நாற்று உயிர்பிழைக்கிறதா என்பது வரை தொடர்ந்து நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம். வடதுருவ உறைமண்ணிற் தொடங்கிப் புத்தளக் களப்பின் கண்டற்சேற்றுக்கு வருவது சுற்றுவழியாகத் தோன்றலாம். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி இம்மாதிரியுருக்களின் பலமும் பலவீனமும் புலப்படமாட்டா.

சைபீரியா, அலாஸ்கா, வடகனடா ஆகிய பகுதிகளில் ஈராண்டோ அதற்கு மேலோ இடைவிடாது உறைந்து கிடக்கும் நிலம் நிலைத்த உறைமண் எனப்படும். அதன் பெரும்பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உருகியதேயில்லை. அங்கு இறந்த பாசியும் புல்லும் வேரும் உக்கிப்போகவில்லை. குளிர் அவற்றைக் காத்து வைத்திருக்கிறது. வட உறைமண் வலயத்து மண்ணிற் சேர்ந்துள்ள சேதனக் காபன் 1,300 முதல் 1,600 பில்லியன் தொன் வரையில் இருக்கலாம் என மதிப்பிடப்பட்டுள்ளது. இது வளிமண்டலத்தில் இப்போதுள்ள காபனின் ஏறத்தாழ இருமடங்கு. நிலம் சூடேறினால் நுண்ணங்கிகள் தொழிற்படத் தொடங்கும், உக்கல் நிகழும், காபனீரொட்சைட்டும் மெதேனும் வெளியேறும். அதேவேளை கோடை நீள்வதாலும் வளியிற் காபனீரொட்சைட்டு மிகுவதாலும் தண்டராவிற் புதர்கள் செழிக்கும். அவை காபனை உள்வாங்கும். மண் இழப்பதைத் தாவரம் ஈடுசெய்யுமா என்பதே உறைமண் மாதிரியுருக்கள் யாவற்றினதும் மையப் பிரச்சினை.

இதற்கு அவை தரும் விடை யாது? 2018 ஆம் ஆண்டில் மக்குவைர் முதலிய பல ஆய்வாளர் ஐந்து மாதிரியுருக்களை ஒருங்கே இயக்கி 2299 ஆம் ஆண்டு வரையிலான நிலையைக் கணித்தனர். பச்சைவீட்டு வாயுக்களின் வெளியீடு ஓரளவு கட்டுப்படுத்தப்படும் எனக் கொண்டபோது, மண் 66 பில்லியன் தொன் காபனை இழக்கும் என்றது ஒரு முனை. 70 பில்லியன் தொன் காபனைப் பெறும் என்றது மறுமுனை. கட்டுப்பாடின்றி வெளியிடப்படும் எனக் கொண்டபோது இழப்பு 74 முதல் 652 பில்லியன் தொன் வரை விரிந்தது. முதல் நிலையில் இழப்பா ஆதாயமா என்பதிலேயே உடன்பாடில்லை. இரண்டாவதில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு வேறுபாடு. முதல் நிலையில் மொத்தக் கணக்கை ஆதாயமாக்கியது பெரும்பாலும் தாவரமே. இரண்டாம் நிலையில் ஐந்தில் நான்கு மாதிரியுருக்களிலே தாவரத்தின் வளர்ச்சி மண்ணின் இழப்பை ஈடுசெய்யப் போதவில்லை.

இவ்வேறுபாட்டைக் காட்டி மாதிரியுருக்களை எள்ளுவோர் உளர். அவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. ஒரே கதைக்கருவை ஐந்து ஆசிரியர் எழுதினால் ஐந்து நாவல்கள் பிறக்கும். எந்த இடத்தில் அவை பிரிகின்றன, ஏன் பிரிகின்றன எனக் காண்பதே விமர்சகன் பணி. ஈண்டும் அவ்வாறே.

மண்காபன் மாதிரியுருக்களின் குலவரலாறு சுவையானது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் என்னுமிடத்தில் 1843 இல் தொடங்கிய கோதுமை வயற் பரிசோதனை இன்றும் நடைபெறுகிறது. அவ்வயல்களின் மண்ணை அடிப்படையாகக் கொண்டு ஜென்கின்சனும் ரேய்னரும் 1977 இல் ஒரு கணக்கீட்டு முறையை வெளியிட்டனர். அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் புல்வெளி மண்ணுக்கென 'செஞ்சுரி' என்ற மாதிரியுருவைப் பார்ற்றன் முதலியோர் 1987 இல் அமைத்தனர். இன்றைய பூமித்தொகுதி மாதிரியுருக்கள் பலவற்றின் மண்பகுதி இவ்விரண்டின் வழித்தோன்றலே. இவற்றில் மண் சில பெட்டிகளாகப் பகுக்கப்படும். விரைவாக உக்குவது ஒரு பெட்டி, மெல்ல உக்குவது ஒரு பெட்டி, நூற்றாண்டுக் கணக்கில் நிலைப்பது ஒரு பெட்டி. ஒவ்வொன்றிலும் உள்ள இருப்பின் குறித்த பங்கு ஆண்டுதோறும் கழியும். வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் கழிவு ஏறத்தாழ இருமடங்காகும். வட்டிக்கடைக்காரன் ஏட்டைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற கணக்கு. எளிமையானது, வலிமையானது, கோதுமை வயலில் நன்றாகவே பொருந்துகிறது.

இங்கிலாந்தின் வயலுக்கு எழுதிய கணக்கு சைபீரியாவுக்குச் சென்றபோது பல ஒட்டுக்கள் தேவைப்பட்டன. பனிக்கட்டி உருக எடுக்கும் வெப்பம், போர்வைபோற் காக்கும் வெண்பனி, குளிரை உள்ளே தேக்கி வைக்கும் பாசிப்படலம், ஆழத்துக்கு ஆழம் மாறும் உக்கல் ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. இந்த வேலை இன்னும் முடியவில்லை. பருவநிலை பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின் ஆறாவது மதிப்பீட்டுக்குப் பயன்பட்ட பூமித்தொகுதி மாதிரியுருக்களுள் உறைமண் காபனை வெளிப்படையாகக் கொண்டவை இரண்டே; அவ்விரண்டும் ஒரே நிலப்பகுதிக் கூற்றையே பகிர்ந்துகொள்பவை. ஆகவே இரண்டு சாட்சிகள் எனத் தோன்றுவது உண்மையில் ஒரு சாட்சியே.

வேறொரு குறை இதனினும் முக்கியமானது. நிலம் மேலிருந்து கீழாக, ஆண்டுக்குச் சிறிது சிறிதாக உருகும் என்றே இவை கொள்கின்றன. ஆயின் பனிக்கட்டி மிகுந்த இடங்களில் நிலம் அவ்வாறு உருகுவதில்லை, திடீரெனச் சரிகிறது. சரிந்த இடத்தில் ஏரி தோன்றுகிறது; மீற்றர்க் கணக்கான ஆழம் ஒரே கோடையில் வெளிப்படுகிறது. இவ்வாறான திடீர் உருகல் உறைமண் வலயத்தில் ஐந்திலொரு பங்குக்கும் குறைந்த பரப்பிலேயே நிகழக்கூடும்; எனினும் உறைமண் காபனின் பாதியளவைப் பாதிக்க வல்லது என ருரெற்ஸ்கி முதலியோர் 2020 இற் சுட்டிக்காட்டினர். பெரிய சதுரங்களாக உலகைப் பகுத்து ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு சராசரி எழுதும் மாதிரியுருவின் கண்ணுக்கு அச்சரிவு தெரிவதில்லை. இந்தத் 'திடீர்' என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புத்தளத்திலே அது மீண்டும் வரும்.

புத்தளக் களப்பு, டச்சுக் குடா, போர்த்துக்கல் குடா ஆகியன சேர்ந்த நீர்ப்பரப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். மேற்கே கற்பிட்டிக் குடாநாடு கடலை மறித்து நிற்கிறது. கிழக்கே மீ ஓயாவும் வடகிழக்கே கலா ஓயாவும் நன்னீரைக் கொணர்கின்றன. கலா ஓயாவின் கழிமுகத்தில் வில்பத்துக் காட்டின் ஓரமாக இலங்கையின் பெரிய கண்டற்பரப்புக்களில் ஒன்று உள்ளது. வறள் வலயமாதலால் மழையற்ற மாதங்களில் களப்பின் உட்பகுதி கடலிலும் உவர்ப்பாகிவிடும். பாலாவிப் பகுதியின் உப்பளங்கள் அந்த உவர்ப்பையும் வெயிலையும் நம்பியே இருப்பவை.

கண்டல் பழந்தமிழ் நெய்தல் நிலத்துக்கு உரிய மரம். நற்றிணைப் புலவர் கடற்கரை ஊருக்கு அதனை வேலியாகச் சொல்வர். காபன் பற்றி அவர் அறியார். வேலி இன்றி ஊர் இல்லை என்பதை அறிவர். இவ்விரண்டு அறிவில் எது பெரிது என்ற கேள்விக்குப் பின்னர் வருவோம்.

கண்டலின் காலடியிற் கிடக்கும் கறுப்புச் சேற்றைக் கையில் எடுத்தால் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அதுவே அச்சேற்றின் வரலாறு. நீர் நிறைந்த நுண்துகள் மண்ணினுள் ஒட்சிசன் சில மில்லிமீற்றருக்கு அப்பாற் செல்ல இயலாது. ஒட்சிசன் இல்லாத இடத்திற் கடல்நீரிலுள்ள சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியங்கள் ஆட்சி செய்கின்றன. அவற்றின் தொழில் மந்தமானது. ஆகவே வேரும் இலையும் முற்றாக உக்காமற் புதைகின்றன. வெளிப்படும் ஐதரசன் சல்பைட்டு இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்பைட்டாகப் படிகிறது. சைபீரியாவிலே குளிர் செய்யும் காவலை இங்கு காற்றின்மை செய்கிறது. இந்து-பசிபிக் பிரதேசக் கண்டற் காடுகளை அளந்த டொனாற்றோ முதலியோர் 2011 இல், எக்டேயருக்குச் சராசரி 1,023 தொன் காபன் இருப்பதாகக் கணித்தனர். அதில் மண்ணின் பங்கு இடத்துக்கிடம் 49 முதல் 98 நூற்றுவீதம். கண்ணுக்குத் தெரியும் காடு கண்ணுக்குத் தெரியாத காட்டின் சிறு பகுதியே என்பது இதனாற் பெறப்படும்.

உறைமண்ணுக்கும் கண்டற்சேற்றுக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. இரண்டிலும் பழைய காபன் ஒரு பௌதிக நிலைமையாற் சிறைப்பட்டிருக்கிறது. மேலே உயிருள்ள தாவரம். பருவநிலை மாறினால் இரண்டும் மாறும். இவ்வொற்றுமையே ஒருவகை மயக்கத்துக்கும் வழிசெய்கிறது. வடக்கே பயன்பட்ட சட்டகத்தை அப்படியே தெற்கே கொணர்ந்து, எண்களை மட்டும் மாற்றினாற் போதும் என்ற எண்ணம் ஆய்வு முன்மொழிவுகளிலே தலைகாட்டுகிறது. நம் மொழியில் 'மாதிரி' என்ற சொல் 'போல' என்றும் பொருள்படும். 'அது மாதிரி இதுவும்' என்று சொல்லிவிடுவது எளிது.

வேறுபாட்டை நோக்குவோம். உறைமண் தாவரத்துக்கு முந்தியது; இன்று அதன்மீது வளரும் புதர் அந்த மண்ணை ஆக்கவில்லை. கண்டலிலோ மண்ணை ஆக்குவது கண்டலே. தாங்குவேர்களும் மூச்சுவேர்களும் வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன, நுண்வேர்கள் இறந்து சேறாகின்றன, சேறு உயர்கிறது, உயர்வதால் மரம் மூழ்காது நிற்கிறது. ஆகவே இங்கு 'மண்' ஒரு பெட்டி, 'தாவரம்' இன்னொரு பெட்டி எனப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு அம்புக்குறி இடும் முறை அடிப்படையிலேயே தடுமாறுகிறது. இதனை உணர்ந்து கண்டலுக்கெனத் தனி மாதிரியுரு அமைத்தோரும் உளர். செனும் ருவில்லியும் 1998, 1999 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டவை குறிப்பிடத்தக்கவை: ஒன்று காட்டின் வளர்ச்சியையும் மற்றது சேற்றில் சேதனப்பொருளின் படிவையும் கணிப்பது. ஆயின் அவை புளோரிடாவுக்காக எழுதப்பட்டவை. சூறாவளி வந்து போகும் கரை அது; மழையற்ற மாதங்களில் உப்புப் பூக்கும் புத்தளக் கரை வேறு.

கடல்மட்டம் உயர்வது இதனோடு நேரடியாகத் தொடர்புடையது. கடந்த பத்தாயிரம் ஆண்டுப் படிவுகளை ஆராய்ந்த செயின்ரிலன் முதலியோர், ஆண்டுக்கு 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் கடல் உயர்ந்தாற் கண்டற்சேறு அதனோடு போட்டியிட்டு உயர்வது மிகவும் அரிது என 2020 இற் காட்டினர். அவ்வெல்லைக்குள் உயர்வதற்கும் வண்டல் வேண்டும். கலா ஓயாவின் நீரைக் கலாவெவவும் இராஜாங்கனைக் குளமும் வழியிலேயே தேக்குகின்றன; வண்டலில் ஒரு பகுதி அங்கேயே படிந்துவிடும். சேறு உயர இயலாவிடிற் காடு நிலப்பக்கம் பின்வாங்க வேண்டும். பின்வாங்கும் இடத்தில் உப்பளமும் இறாற் குளமும் வீதியும் நிற்கின்றன. உலக மாதிரியுருவின் சதுரத்துள் இவை எவையும் இல்லை. அவற்றுட் பெரும்பாலானவற்றிற் கண்டல் ஒரு தனித் தாவர வகையாகக்கூட இடம்பெறுவதில்லை.

வெப்பத்திலும் நீரே இங்கு பிரதான பாத்திரம் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. சல்பேற்று மிகுந்த உவர்நீரில் மெதேன் ஆக்கும் நுண்ணங்கிகள் பின்தள்ளப்படும். நன்னீர் மிகுந்தால் அவை தலையெடுக்கும். நூறாண்டுக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டிலும் இருபத்தைந்து மடங்குக்கு மேற்பட்ட வெப்பமூட்டும் ஆற்றலுடையது. ஆகவே கலா ஓயாவின் வாயிலும் களப்பின் உவர்மூலையிலும் ஒரே அளவு காபன் உக்கினாலும் விளைவு ஒன்றாகாது. உருகிய உறைமண் வடிந்துலர்ந்தாற் காபனீரொட்சைட்டும், நீர் தேங்கினால் மெதேனும் வெளிப்படுவது போன்றதே இது. வடக்கிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் இருக்குமாயின் அது இங்குதான் இருக்கிறது. பாகைக் கணக்கோடு நின்றுவிடாமல் நீரின் கணக்கையும் எழுத வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் கற்பிட்டியிலிருந்து படகிற் சென்று சேற்று மாதிரி எடுக்க முயன்றோம். எங்கள் குழாய் ஒரு மீற்றர் நீளமுடையது. ஒரு மீற்றர் என்பது இத்துறையில் ஏறத்தாழச் சமயக் கோட்பாடு போன்றது. பருவநிலைக் குழுவின் 2013 ஆம் ஆண்டு ஈரநில வழிகாட்டியும், சொந்த அளவீடு இல்லாத நாடுகளுக்கு, ஒரு மீற்றர் ஆழம் வரை எக்டேயருக்கு 386 தொன் என்ற பொதுப் பெறுமானத்தையே தருகிறது. குழாய் முற்றாக இறங்கியதும் நாங்கள் நிறுத்தினோம். படகோட்டிய முதியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன சேர், சேறு முடிஞ்சிட்டா?" என்றார்.

"இல்லை நானா, குழாய் முடிஞ்சிட்டுது" என்றான் ஒரு மாணவன்.

"இதுக்குக் கீழயும் சேறுதான். எங்கட வாப்பா வலைக்கம்பு நடக்குள்ள ஒராள் உயரம் இறங்கும்."

அவர் தம் கம்பை ஊன்றிக் காட்டினார். அது எங்கள் குழாயைக் கடந்து வெகுதூரம் இறங்கியது. எங்கள் ஏட்டில் அன்று பதிந்தது ஒரு மீற்றர்க் கணக்கே. அதனை ஆய்வுக் கூட்டமொன்றிற் குறிப்பிட்டபோது, பிற நாட்டு எண்களோடு ஒப்பிடுவதற்கு ஒரு மீற்றரே வசதி என விடை வந்தது. ஒப்பீட்டு வசதிக்காக உண்மையைக் குறுக்குவது இலக்கிய விமர்சனத்திலும் நாம் அறிந்த நோயே.

இனித் 'திடீர்' என்ற சொல்லுக்கு வருவோம். புத்தள மாவட்டக் கரையில் இறால் வளர்ப்பு 1980 களில் தொடங்கி அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அசுர வேகத்திற் பெருகியது. சிலாபம் முதல் முந்தல், உடப்பு ஊடாகக் களப்பின் கரை வரை குளங்கள் தோண்டப்பட்டன. யப்பானியச் சந்தையில் இறாலுக்கு இருந்த விலையே அதற்கு உந்துவிசை. ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் பல பண்ணைகளுக்கு நீர் எடுக்கும் வழியாகவும் கழிவு விடும் வழியாகவும் ஒருங்கே பயன்பட்டது. ஒருவன் குளத்தின் கழிவு மற்றவன் குளத்தின் நீர். 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது அது பண்ணைக்குப் பண்ணை விரைந்து சென்றதற்கு இதுவும் ஒரு காரணம். பல குளங்கள் கைவிடப்பட்டன. கைவிடப்பட்ட குளத்தருகே நின்றோர் அறிவர்: வெடித்த தரை, ஓரத்தில் துருப்போன்ற செம்மஞ்சட் கறை, ஒரு புல்லும் முளையாத வெறுமை.

அக்கறையின் பொருள் யாது? பெக்கோ இயந்திரம் சேற்றைத் தோண்டி அணைக்கட்டாகக் குவித்தபோது, காற்றறியாது கிடந்த இரும்புச் சல்பைட்டு ஒட்சிசனைச் சந்தித்தது. அது ஒட்சியேற்றப்பட்டுச் சல்பூரிக்கமிலமாயிற்று. அமிலம் மழையோடு குளத்தில் இறங்கியது. பண்ணையாளர் சுண்ணாம்பைக் கொட்டினர். அதேவேளை நூற்றாண்டுகளாகப் புதைந்த காபனும் காற்றைச் சந்தித்தது. சைபீரியாவிற் சரிவு செய்வதை இங்கு இயந்திரம் ஒரே பருவத்திற் செய்து முடித்தது. அங்கே திடீர் உருகலை மாதிரியுரு கவனியாமைக்குச் சதுரத்தின் அளவு காரணம். இங்கே கவனியாமைக்குக் காரணம் வேறு: இறாலின் விலையும் வங்கிக் கடனும் நோய்க்கிருமியும் காணி அனுமதியும் அம்மாதிரியுருவின் உலகத்தில் இல்லை. அவ்வுலகில் வெப்பநிலை உண்டு, மழை உண்டு, காபனீரொட்சைட்டு உண்டு. மனிதன் மட்டும் இல்லை. இருப்பினும் புகைபோக்கியாகவே இருக்கிறான்.

இக்குறையை ஓரளவு நீக்க முயன்றது பூர்னசெல் முதலியோர் 2015 இல் வெளியிட்ட ஆய்வு. புத்தளக் களப்பைச் சூழ்ந்த நிலப் பயன்பாட்டை 1992 க்கும் 2012 க்கும் இடையில் செய்மதிப் படங்களால் ஒப்பிட்டு, இறாற் பண்ணைகள் எவற்றை விழுங்கின என அவ்வாய்வு காட்டியது. இருபதாண்டில் ஏற்பட்ட தேறிய காபன் இழப்பு ஏறத்தாழ 190,000 தொன் என்றும், அதிற் பெரும்பங்கு பண்ணைகளாலானது என்றும் கணித்தது. பண்ணையைக் கணக்கிற் கொண்டமைக்காக அதனைப் பாராட்ட வேண்டும். எனினும் இது பரப்பை ஒரு பெறுமானத்தாற் பெருக்கும் கணக்கு. கைவிடப்பட்ட குளம் பத்தாண்டில் என்ன ஆகிறது, அமிலமான மண்ணிற் காபன் எந்த வேகத்தில் வெளியேறுகிறது, நீர் மீண்டும் புகுந்தால் நிற்குமா என்பன அதன் எல்லைக்கு வெளியே.

அந்த 190,000 தொன்னை வேறொரு எண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். களப்புக்கு மேற்கே, அதே கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலை லக்விஜய நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. 2011 இல் முதல் அலகும் 2014 இற் கடைசி அலகும் தொழிற்படத் தொடங்கின. மொத்த வலு 900 மெகாவற்று. முழு அளவில் இயங்கும் ஆண்டில் அது எரிக்கும் நிலக்கரி ஏறத்தாழ இருபது இலட்சம் தொன். நிலக்கரியின் நிறையில் அரைப்பங்குக்கு மேல் காபன் எனக் கொண்டாலும், இருபதாண்டு இறாற் பண்ணைகளால் களப்பு இழந்த காபனை அந்தப் புகைபோக்கி இரண்டு மாத அளவில் வெளியிட்டுவிடும். கண்டலைக் காக்கவேண்டும் என்போர் இக்காலத்திற் காபனையே முதற் சாட்சியாக அழைக்கின்றனர். குறுக்குவிசாரணையில் அச்சாட்சி எதிர்த்தரப்புக்குச் சார்பாகிவிடும். "இவ்வளவுதானா உங்கள் காடு? இரண்டு மாத மின்சாரமா?" எனக் கேட்பவனுக்கு என்ன விடை? இறாற் குஞ்சு, நண்டு, மீன், கரையரிப்பு, விறகு, புயலுக்கு வேலி என்பன எல்லாம் காபன் என்ற ஒற்றை அலகுக்குள் கரைந்துபோனபின் விடை சொல்வது கடினம். நற்றிணைப் புலவர் வேலி என்றது காரணத்தோடுதான்.

காபன் கணக்கின் இன்னொரு விளைவு நடுகைத் திட்டங்களில் தெரிகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையெங்கும் கண்டல் நடும் ஆர்வம் பெருகியது. அம்முயற்சிகளைக் கொடிகார முதலிய ஆய்வாளர் நேரிற் சென்று ஆராய்ந்து 2017 இல் முடிவை வெளியிட்டனர். 23 இடங்களில் 1,000 முதல் 1,200 எக்டேயர் வரை நடப்பட்டது. உண்மையாக நிலைபெற்றது 200 முதல் 220 எக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. முதலிரண்டும் எமது மாவட்டத்தவை என்பதிற் சிறிது பெருமை கொள்ளலாம். தோல்விக்குக் காரணங்கள் எளியவை. நிலத்தின் மட்டம் பொருந்தாத இடத்தில் நட்டமை; உவர்ப்பை நோக்காமை; நட்டபின் எவரும் திரும்பிப் பாராமை. மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நீண்ட முளையைப் பறித்து அப்படியே சேற்றிற் குத்திவிடலாம் என்பதாற் பெரும்பாலும் கண்டல் இனமே நடப்பட்டது. அவ்விடத்துக்கு உரியது வெண்கண்டலா தில்லையா என்ற கேள்வி எழவில்லை.

ஈண்டும் வடக்கோடு ஓர் உறவு உண்டு. தாவர மாதிரியுருக்கள் பலவற்றில் விதை எங்கும் எப்போதும் இருக்கிறது எனக் கொள்ளப்படுகிறது. வெப்பநிலை இடம்கொடுத்ததும் மரம் தண்டராவிற் குடியேறிவிடும். விதை அவ்வளவு தூரம் எவ்வாறு வந்தது என்ற கேள்வி இல்லை. நடுகைத் திட்டங்களின் அறிக்கையிலும் நட்டது முளைக்கும், முளைத்தது காடாகும், காடானது சேற்றிற் காபனைச் சேர்க்கும் என்ற சங்கிலி ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டிலும் ஒரே பிழை. ஒன்று கணினியில், மற்றது கரையில். 2015 இல் தொடங்கிய தேசிய அளவிலான கண்டற் பாதுகாப்பு முயற்சியும், 2024 இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் திட்டம் இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்துக்கு வழங்கிய அங்கீகாரமும் வரவேற்கத்தக்கவை. அவை பழைய தோல்வியை ஒளித்துவைக்கும் திரையாகிவிடக் கூடாது.

மாதிரியுருக்களை விலக்கிவிட வேண்டும் என்பது எம் கருத்தன்று. 2100 ஆம் ஆண்டை எவரும் சென்று அளக்க முடியாது, கணிக்கத்தான் வேண்டும். ஆயின் கணிப்பு எதன்மீது நிற்கிறது என்பதைக் கேட்க வேண்டும். பேராதனைத் தாவரவியற்றுறையைச் சேர்ந்த எஸ். பாலசுப்பிரமணியம், மாலா அமரசிங்கவுடன் சேர்ந்து, வடமேற்குக் கரையின் இருவகைக் கண்டற்றொகுதிகளின் அமைப்பையும் உற்பத்தியையும் அளந்து 1992 இல் வெளியிட்ட கட்டுரைகளை இன்றைய மாணவர் எத்தனை பேர் வாசித்திருப்பர்? கலா ஓயாக் கழிமுகத்துக் காடும் எருமைத்தீவின் ஓரக்காடும் ஒன்றல்ல என அவர்கள் மரம் மரமாக அளந்து காட்டினர். விழும் இலையை வலையிற் சேர்த்து, உலர்த்தி, நிறுத்து, மாதந்தோறும் எழுதிய உழைப்பு அது. எந்தக் கணினியும் அவ்வலையில் விழாத இலையைக் கணக்கிட முடியாது. அவ்வளவீடு அதே இடங்களில் இன்று மீண்டும் செய்யப்பட்டால், முப்பதாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் காடு என்னவாயிற்று என நேரடியாகவே தெரியவரும். ஐந்து மாதிரியுருக்கள் தம்முள் முரண்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே ஆனைவிழுந்தான் சரணாலயம் உள்ளது. 2001 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட அதன் எல்லைக்குள்ளும் கைவிடப்பட்ட இறாற் குளங்கள் உண்டு. அண்மை ஆண்டுகளாக அங்கு அணைகளைத் திறந்து, நீர் தன்போக்கிற் புகவும் வெளியேறவும் விட்டு, கண்டல் தானாகவே வர உதவும் முறை கையாளப்படுகிறது. கன்றுகளை எண்ணுவதைக் காட்டிலும் அந்த நீரோட்டத்தை நோக்குவதே அங்கு முதன்மை பெறுகிறது. மரம் வந்துவிட்டது என்பது படத்திற் தெரிகிறது. சேறு மீண்டும் கறுக்கிறதா, செம்மஞ்சட் கறை மறைகிறதா, அந்த நாற்றம் திரும்பிவிட்டதா என்பனவே மண்காபன் பற்றிய உண்மையான கேள்விகள். அவற்றுக்குச் செய்மதி விடை தராது. அடுத்த ஆவணி மாதத்தில் மாணவருடன் மீண்டும் கற்பிட்டிக்குச் செல்லவிருக்கிறோம். இம்முறை மூன்று மீற்றர்க் குழாய். முதியவரிடம் சொல்லியாயிற்று, கம்பையும் கொண்டுவருவதாகச் சொன்னார்.